நாற்பத்தொன்றாம் எண் தம்பதி

கல்யாணப் பத்திரிகை அச்சடித்துப் பிழைப்பவருக்குக் கல்யாணத்தைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஊரார் நினைத்தார்கள். அச்சுக்காரரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் மற்றவர்களுடைய கல்யாணத்தை முந்நூறு, ஐந்நூறு பிரதிகளாக அடித்துத் தள்ளினார். அவருடைய சொந்தக் கல்யாணம் அதே அறையின் மறுகோடியில் மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தது.

அவர் மனைவிதான் அந்த அச்சகத்தின் பிழை திருத்துநர். ப்ரூஃபை அவர் கொண்டுபோய் மேசையில் வைப்பார். அவள் பென்சிலால் ஓரத்தில் குறிகள் போட்டுத் திருப்பி வைப்பாள். நீக்கு, சேர், இடைவெளி விடு, இடம் மாற்று. ஒரு நாளில் அவர்களுக்குள் நடக்கும் பேச்சில் முக்கால்வாசி அந்தக் குறிகளிலேயே முடிந்துவிடும். அவள் குறித்ததை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. அறையில் ஒரே ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் தாள் பறக்கும் என்று மூடி வைத்தது, வர்ணம் பூசியதில் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைப் பற்றியும் யாரும் எதுவும் பேசவில்லை.

புதன்கிழமை மட்டும் நாலு மணிக்கு அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போவாள். அங்கே இரண்டு ஆண்கள் பதினேழு வருடமாகச் சேர்ந்து குடியிருந்தார்கள். ஒருவர் பேருந்து ஓட்டுநர், புதன்கிழமை அவருக்கு விடுமுறை. இன்னொருவர் பல்செட் செய்கிறவர். ஒருமுறை அச்சுக்காரர் அந்தத் தெரு வழியாகப் போகும்போது மேலேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதுபோல. நல்ல சிரிப்பு என்று நினைத்துக்கொண்டு பத்தடி நடந்தபிறகுதான் அது தன் மனைவியின் சிரிப்பு என்று அவருக்கு உறைத்தது.

அன்றிலிருந்து பொறாமை அவரைப் பிடித்துக்கொண்டது. அதுவும் சாதாரணப் பொறாமையாக இருந்தால் பரவாயில்லை. மனைவி ஒரு ஆணைப் பார்த்துச் சிரித்தால் புருஷன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு உலகத்தில் ஏற்பாடுகள் இருக்கின்றன. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், சோற்றைத் தள்ளிவைக்கலாம். ஆனால் இந்த இருவர்மேல் அப்படிப் பொறாமைப்பட வழியே இல்லை. ஒருவர் கண்ணில் இன்னொருவரைத் தவிர வேறு ஆள் விழாது என்பது ஊருக்கே தெரியும். ஆகவே அவர் வேறு வழியில்லாமல் புதன்கிழமைதோறும் அந்த மாடி வீட்டுக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் போய் நின்று வெந்துகொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் நாட்டில் சட்டம் மாறியது. வயது வந்த எந்த இரண்டு பேரும் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். ஓட்டுநரும் பல்செட்காரரும் ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அந்த வார இறுதியில், தாங்களும் அச்சுக்காரரும் உறுப்பினராக இருந்த வழிபாட்டுச் சபைக்கு வந்து, மாதாமாதம் மேடையில் வாசிக்கப்படும் மணநாள் வாழ்த்துப் பட்டியலில் தங்கள் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார்கள். பணிவாகத்தான் கேட்டார்கள். சபை பதறிவிட்டது.

சபையின் இல்லற நெறிக் குழுவுக்குத் தலைவர் முத்திரை ஐயா. எடை அளவுத் துறையில் முப்பத்தோரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவர் என்பதால் அந்தப் பெயர். குழு ஒன்பது முறை கூடியது. நேராக மாட்டோம் என்று சொல்ல முடியாது; அப்படிச் சொன்னால் திருமணம் நடத்தும் உரிமம் போய்விடும் என்று வக்கீல் எச்சரித்தார். ஒருவருக்கு வைக்கும் விதியை எல்லோருக்கும் வைத்தாக வேண்டும் என்றார். ஒன்பதாவது கூட்டத்தில் முத்திரை ஐயாவுக்கு வழி தோன்றியது. மறுநாளே கையெழுத்துப் பிரதியோடு அச்சகத்துக்கு வந்துவிட்டார்.

"சட்டம் என்ன வேணா சொல்லட்டும் தம்பி. சட்டம் கொடுக்கிறது காகிதம். கல்யாணம்னா எடை இருக்கணும். எல்லாரையும் தராசுல ஏத்தப்போறோம். நம்மளுது நிக்கும். அவங்களுது தானா மேல போயிடும். நாம ஒருத்தரையும் தள்ள வேண்டியதில்ல" என்றார்.

இதைச் சொல்லும்போது அவருடைய மேல்வரிசைப் பற்கள் மின்னின. அவற்றைச் செய்து கொடுத்தவர் மாடி வீட்டுப் பல்செட்காரர். சபையின் மூப்பர் எட்டுப் பேரில் ஐந்து பேர் அவர் செய்து கொடுத்த பற்களை வைத்துக்கொண்டுதான் ஒன்பது கூட்டங்களிலும் அவரைக் கண்டித்தார்கள்.

திட்டம் இதுதான். சபையில் ஐம்பத்தாறு தம்பதிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு சோதனைத் தாள். முதல் பாகத்தில் தன்னைப் பற்றி இருபத்தைந்து கேள்விகள். இரண்டாம் பாகத்தில் அதே கேள்விகள், துணையைப் பற்றி. இரண்டு பேருடைய தாளையும் அடுக்கி ஒத்துப்பார்த்தால் எடை தெரிந்துவிடும். நூற்றுக்கு அறுபது வாங்கினால் முத்திரை. வாங்காதவர்கள் தற்காலிகத் தம்பதிகள். கடைசி வரிசையில் உட்கார வேண்டும், வாழ்த்து கிடையாது, சபையார் அவர்கள் வீட்டுக்குப் போய் வரக் கூடாது.

கடைசி விதியை அச்சுக்காரர் இரண்டு தடவை படித்தார். அவர் மனத்தில் புதன்கிழமைகள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குழுவின் தீர்மானம் அவருக்கு நியாயமாகப் பட்டது.

"பேர் இருக்கக் கூடாது. வக்கீல் சொல்லியிருக்கார். நம்பர் மட்டும்தான். நம்பருக்கு யார்ங்கிற பட்டியல் உங்கிட்டதான் இருக்கும். எங்களுக்கே தெரியக் கூடாது. நாளைக்கு யாரும் நம்மள பாரபட்சம்னு சொல்லிடக் கூடாது பாரு."

"சரிங்க ஐயா."

"பாரபட்சம் இல்லாமலே அவங்க தோப்பாங்க. அதுல ஒரு திருப்தி இருக்கு."

எண் குத்தும் இயந்திரத்தில் 'இரட்டை' என்று ஓர் அமைப்பு உண்டு. ஒரே எண்ணை இரண்டு தரம் குத்திவிட்டு அடுத்ததற்குப் போகும். அச்சுக்காரர் அதைத் திருப்பி வைத்து நூற்றுப்பன்னிரண்டு தாளிலும் எண் குத்தினார். அவருக்கும் மனைவிக்கும் இருபத்தேழு. மாடி வீட்டாருக்கு நாற்பத்தொன்று.

ப்ரூஃப் பார்த்த மனைவி பதினான்காம் கேள்வியில் நின்றாள். படுக்கையறை விஷயத்தைக் கேட்பதா வேண்டாமா என்று குழு மூன்று கூட்டம் வாதாடிக் கடைசியில் இப்படி எழுதியிருந்தது: 'விளக்கு அணைந்தபின் நடப்பவை குறித்துக் குழு எதையும் கேட்கவில்லை. கேட்கப்படாத இக்கேள்விக்கு அரைப்பக்கத்துக்கு மிகாமல் விடை தருக.' அவள் பென்சிலை அதன்மேல் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு, எழுத்துப் பிழை எதுவும் இல்லாததால் அடுத்த கேள்விக்குப் போனாள்.

சோதனை நாளன்று மண்டபத்தில் தம்பதிகளைப் பிரித்து இடம், வலம் என்று உட்கார வைத்தார்கள். முத்திரை ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுவே நடந்தார். ஐந்து நிமிடத்துக்குள் மண்டபத்தில் நூறு பேர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணை எந்தப் பக்கம் தூங்குவார், ஏன்? துணை கடைசியாக அழுதது எப்போது? துணைக்கு எந்தப் பல்லில் கூச்சம்? முத்திரை ஐயாவின் மனைவி நாலாவது நிமிடத்தில் எழுந்து வெற்றுத் தாளை மேசையில் வைத்துவிட்டு, வெளியே மரத்தடியில் போய் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார்.

அச்சுக்காரர் வியர்த்துப்போனார். மனைவியின் கையெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவள் எங்கே காற்புள்ளி போடுவாள், எங்கே போடமாட்டாள் என்று தெரியும். அவளுக்கு எதற்குப் பயம்? தெரியவில்லை. எதை நினைத்து வருத்தப்படுவாள்? வருத்தப்படுவாளா? அவர் வரிசையாக 'இல்லை', 'ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டே போனார். நிமிர்ந்து பார்த்தால் ஓட்டுநர் கையை உயர்த்தி இன்னொரு தாள் கேட்டுக்கொண்டிருந்தார். அச்சுக்காரர் இன்னொரு 'இல்லை' எழுதினார்.

குழு ஆறு நாள் உட்கார்ந்து திருத்தியது. பின்பு விடைத்தாள்களைத் தைத்துப் பைண்டு செய்ய அச்சகத்துக்கே அனுப்பினார்கள். அவை வந்து சேர்ந்தது ஒரு புதன்கிழமை மாலை நாலேகாலுக்கு. மனைவியின் நாற்காலி காலியாக இருந்தது. படிக்கக் கூடாது என்று அவர் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். அதனால் கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்தார்.

ஐம்பத்தாறில் தேறியது ஒன்றே ஒன்று. நாற்பத்தொன்று. தொண்ணூற்றாறு மதிப்பெண். முகப்பில் முத்திரை ஐயா தன் கையால் 'இதுவே இல்லறம்' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

பிறகு இருபத்தேழை எடுத்தார். அவருடைய தாளுக்கு ஐம்பதுக்கு ஆறு மதிப்பெண். மனைவியின் தாளுக்கு நாற்பத்தாறு.

அவர் எந்தப் பக்கம் தூங்குவார், எந்தச் சட்டை காணாமல் போனதற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தார், பழைய இயந்திரத்தை விற்ற அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார் என்பது வரை அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் இழந்தது இரண்டே கேள்விகள். துணை உங்களிடம் மறைப்பது என்ன என்பதற்கு அவள் எழுதியிருந்தாள்: 'புதன்கிழமை எதிர் நிறுத்தத்தில் வந்து நிற்பார். எந்தப் பேருந்திலும் ஏறமாட்டார்.' இச்சபையில் எந்தத் தம்பதியைக் கண்டாவது துணை பொறாமைப்பட்டதுண்டா என்பதற்கு: 'உண்டு. மாடி வீட்டு இருவர்.' இரண்டு இடத்திலும் அவர் தன் தாளில் 'இல்லை' என்று எழுதியிருந்ததால், விடை ஒத்துப்போகவில்லை என்று குழு அவளுக்கு மதிப்பெண் தராமல் விட்டிருந்தது.

பொறாமைக் கேள்விக்குத் தன்னைப் பற்றியும் அவள் விடை எழுதியிருந்தாள். 'எனக்கும் உண்டு. அதே இருவர். அவர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் ஒன்று சொன்னால் மற்றவர் பதில் சொல்கிறார்.'

அச்சுக்காரர் அந்த வரியை மறுபடி படித்தார். அவளைத் தேற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. அவளும் அவர்களுடைய வாழ்க்கையைத்தான் ஆசைப்படுகிறாள் என்று தெரிந்ததும் அவருடைய பொறாமை இரண்டு மடங்காயிற்று. ஒரு தடவை, ஒரே ஒரு நாளைக்காவது, அந்த வாழ்க்கை தன் பெயரில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார். பெயர்ப் பட்டியலைப் புதிதாக எழுதினார். இருபத்தேழுக்கு எதிரே மாடி வீட்டார். நாற்பத்தொன்றுக்கு எதிரே தானும் மனைவியும். உறையில் போட்டு அரக்கு வைத்தார்.

முடிவு அறிவிக்கும் நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. முத்திரை ஐயா உறையைப் பிரிப்பதற்கு முன்னால் வெற்றி பெற்ற இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினார்.

"'துணை கதவுப் பக்கம் தூங்குவார். முதல் பேருந்தைப் பிடிக்கிறவர்கள்போல் சீக்கிரம் எழுகிற வீடு எங்களுடையது. எழுந்து போகிறவர் மற்றவரைத் தாண்டக் கூடாது.' கேட்டீங்களா? எவ்வளவு ஒழுங்கு. 'துணைக்கு இருட்டுக்குப் பயமில்லை. காலையில் தொலைபேசி அடித்தால் பயம். அவருடைய அம்மா போன செய்தி அப்படித்தான் வந்தது. அதனால் நான்தான் எடுப்பேன்.'" ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பதினாலாவது கேள்வி. 'அவர் கால் எப்போதும் சில்லென்று இருக்கும். என் காலில் வைத்துச் சூடு பண்ணிக்கொள்வார். கேட்காத கேள்விக்கு இது போதும்.' 'எங்கள் ஓயாத சண்டை ஜன்னலைப் பற்றி. எனக்குத் திறந்திருக்க வேண்டும், அவருக்கு மூடியிருக்க வேண்டும். பதினேழு வருடமாக அது பாதி திறந்திருக்கிறது.'"

முன்வரிசையில் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தார்கள். புருஷர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"இதுதான் இயற்கை. ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு ஆண்னு வகுத்ததோட பலன் இது. வேற யாராலயும் இப்படி ஒரு தாள் எழுத முடியாது" என்று முழங்கிவிட்டு முத்திரை ஐயா உறையைப் பிரித்தார். அச்சுக்காரரையும் அவர் மனைவியையும் மேடைக்கு அழைத்தார். கைதட்டல் காதைப் பிளந்தது.

மூன்றாவது வரிசையில் ஓட்டுநரும் பல்செட்காரரும் கைதட்டவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மேடையில் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார். பாராட்டுச் சான்றிதழை அவள் வாங்கவில்லை. ஐயாவின் கையிலிருந்த பட்டியலை வாங்கினாள். அச்சுக்காரரின் கையெழுத்தை மேலிருந்து கீழாகப் படித்தாள். கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து இருபத்தேழையும் நாற்பத்தொன்றையும் சேர்த்து மேலும் கீழுமாக வளையும் ஒரு கோடு போட்டாள்.

"இது என்னம்மா கிறுக்கல்?" என்றார் ஐயா.

"இடம் மாத்தணும்னு அர்த்தம் ஐயா. இது அங்க போகணும். அது இங்க வரணும்."

"யார் சொன்னது?"

"எங்க வீட்டுல யாருக்கும் கால் சில்லுனு இருக்காது."

 ஓட்டுநர் எழுந்தார். "அது நாங்க எழுதினதுதாங்க" என்றார். பல்செட்காரரும் எழுந்தார். "ஆனா ஜன்னல் பாதி திறந்திருக்குன்னு எழுதினது தப்பு. முக்காவாசி திறந்திருக்கு. குளிர்ல சாகிறது நான்தான்."

"பாதிதான்" என்றார் ஓட்டுநர்.

"அளந்து பாக்கலாமா?"

குழு பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. எட்டு நிமிடத்தில் வெளியே வந்தது. முத்திரை ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு தராசு ரொம்பத் துல்லியமா காட்டினா, அதுல கோளாறு இருக்குன்னு அர்த்தம். முப்பத்தோரு வருஷ அனுபவத்துல சொல்றேன். புருஷன் பொண்டாட்டின்னா ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்காம இருக்கிறதுதான் இயற்கை. அப்படித்தான் வகுத்திருக்கு. என் வீட்டையே எடுத்துக்கங்க. பதினொரு வருஷமா ஒரு வார்த்தை தகராறு கிடையாது. ஒரு வார்த்தையே கிடையாது. இதுக்கு மேல என்ன கட்டுப்பாடு வேணும்? ஆகவே முப்பத்தஞ்சுக்கு மேல வாங்கினவங்க தோல்வின்னு குழு திருத்தம் செய்யுது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

புதிய விதிப்படி ஐம்பத்துநாலு தம்பதிகள் தேறினார்கள். பூஜ்யம் பெற்ற முத்திரை ஐயா தம்பதி முதலிடம் வந்தார்கள். சான்றிதழை வாங்க அவர் மனைவியைத் தேடினார்கள். மரத்தடியில் இல்லை, வீட்டுக்குப் போயிருந்தார். நாற்பத்தொன்று தோற்றது. இருபத்தேழின் ஐம்பத்திரண்டு பழைய விதிக்குக் குறைவு, புதிய விதிக்கு அதிகம். இரண்டு விதியிலும் தோற்றவர்கள் அச்சுக்காரரும் அவர் மனைவியும் மட்டுமே.

அடுத்த ஒன்பது நாள் அவள் ப்ரூஃபில் குறி மட்டும்தான் போட்டாள். எப்போதும் அப்படித்தான் என்றாலும் இந்தத் தடவை அது மௌனம் என்று அவருக்குத் தெரிந்தது. புதன்கிழமை நாலு மணிக்குப் பென்சிலைக் கீழே வைத்தாள். தோற்றவர்கள் தோற்றவர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. அதை அவள் தேடிப் பார்த்திருந்தாள்.

அவர் நிறுத்தத்தில் போய் நின்றார். இரண்டு பேருந்துகள் வந்து போயின. மாடி ஜன்னலிலிருந்து ஓட்டுநர் எட்டிப்பார்த்தார்.

"நீங்க எந்த பஸ்லயும் ஏறுறதில்லன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. மாடிப்படியாவது ஏறலாம்ல?"

ஏறினார். உள்ளே மனைவி தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றுகொண்டே, "உங்க தாளை என் பேருக்கு மாத்தினது நான்தான்" என்றார்.

"அதான் சபைக்கே தெரிஞ்சுபோச்சே" என்றார் பல்செட்காரர். "எதுக்குன்னுதான் தெரியல."

"பொறாமை."

"எங்க மேலயா? எங்ககிட்ட என்ன இருக்கு?"

அச்சுக்காரர் மனைவியைப் பார்க்காமல் சொன்னார். "இவ இங்க சிரிக்கிறா."

 அவள் கோப்பையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். சங்கடம் தாளாமல் ஓட்டுநர் எழுந்துபோய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தார். பல்செட்காரர் எழுந்துபோய் மூடினார். கொட்டாவி விடுறப்போ வாயை மட்டும் இவ்வளவு திறக்கத் தெரியுது என்று ஓட்டுநர் ஆரம்பிக்க, செத்தாலும் ஜன்னலைத் திறந்து வச்சிட்டுத்தான் சாவாரு என்று பல்செட்காரர் தொடர, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அச்சுக்காரர் அந்தச் சிரிப்பை முதல்முறையாகப் பக்கத்திலிருந்து கேட்டார். அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.

"திறந்தே இருக்கட்டும்" என்றார் அவர்.

"மூடுறதுதான் சரி" என்றாள் மனைவி.

அவள் திருத்தினால் அவர் ஒத்துக்கொள்வது வழக்கம். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "இல்ல. திறந்துதான் இருக்கணும்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்?" என்றாள்.

வீடு திரும்பும்போது இரண்டு தெருவும் அந்தப் பேச்சிலேயே போயிற்று. மறுநாள் காலை முத்திரை ஐயா தோற்றவர்களுக்கான மறுதேர்வுப் படிவத்தோடு அச்சகத்துக்கு வந்தபோது உள்ளே சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அச்சுக்காரர் நாற்காலிமேல் ஏறி, ஒட்டிப்போன ஜன்னலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"தாள் பறக்குங்க."

"பறந்தா பொறுக்கிக்கலாம்."

"யாரு பொறுக்கிறது?"

"நீதான்."

"நான் மாட்டேன். நீங்களே பொறுக்குங்க, உங்களுக்கு எந்தப் பக்கம் எங்கன்னாவது தெரியட்டும்."

ஜன்னல் பாதியில் சிக்கி நின்றது. தாள்கள் பறந்தன. முத்திரை ஐயா சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, இருபத்தேழாம் எண்ணுக்கு எதிரே எழுதிக்கொண்டார்: 'இல்லறத்தில் பேச்சுச் சத்தம். கண்காணிக்கவும்.'